முளைகட்டிய பயறு: ஒரு பக்கக் கட்டுரைக்குப் பதிலாக

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் அல்ல, திலகவதி. அவர் ஒரு நலவாழ்வு மாத இதழின் பொறுப்பாசிரியர். புதுக்கோட்டையில் என் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறார் என்பதால் அவரிடமிருந்து தப்பிக்க வழியில்லை. காய்கறி வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நிறுத்தி, "சார், முளைகட்டின பயறு பத்தி ஒரு பக்கம் வேணும். வீட்டுலயே எப்படி வளக்குறது, சாப்பிட்டா என்னென்ன நன்மை. எளிமையா இருக்கட்டும். கதை எதுவும் வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் கட்டுரையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

உட்கார்ந்து எழுதத்தான் செய்தேன். முதல் வாக்கியம் இது:

"முளைகட்டிய பயறு என்பது இயற்கை நமக்கு அளித்த

இதற்கு மேல் போகவில்லை. 'இயற்கை நமக்கு அளித்த' என்று ஆரம்பித்தால் 'கொடை' என்று முடித்தாக வேண்டும். கொடை வந்துவிட்டால் அடுத்த வரியில் நம் முன்னோர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போக மாட்டார்கள். ஒரு பக்கம் போதாது.

இரண்டாவது முயற்சி:

"பச்சைப்பயறு ஒரு கை எடுத்துக் கழுவி

யாருடைய கை என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கட்டுரை எழுதுகிறவனுக்கு வரக்கூடாத கேள்வி. அது வந்ததும் கூடவே ஓர் ஆளும் வந்து நின்றார். அறுபதை ஒட்டிய வயது, தோளில் துண்டு, வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டே நடக்கிற பழக்கம். பெயர் ஆண்டியப்பன். குடுமியான்மலைக்கு மேற்கே, செம்மண்ணில் கடலை போடும் ஊர் ஒன்றில் இருக்கிறார். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊரில் நிஜமாகவே ஓர் ஆண்டியப்பன் இருந்து, என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

2

ஆண்டியப்பனுக்குக் கைராசி உண்டு. அவரைப் பற்றி இந்தக் கதைக்கு இது ஒன்று தெரிந்தால் போதும்.

ஆடி மழை இறங்கிக் கடலை விதைப்பு தொடங்கும்போது அந்தத் தெருவில் யாரும் அவரைக் கூப்பிடாமல் விதைப்பதில்லை. கடலைக் காட்டின் வடகிழக்கு ஈசானி மூலையில் கிழக்கே பார்த்து நிற்பார். விதைப்பருப்பு ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏர் கீறிய சாலில் விடுவார். அவர் வேலை அத்துடன் முடிந்தது. அதற்கப்புறம் காடு முழுக்க, சால் சாலாகக் குனிந்து நடந்து விதை போடுகிறவர்கள் பெண்கள். அவர்களுடைய கைக்கு ராசி உண்டா இல்லையா என்று யாரும் விசாரித்ததில்லை. டீ எப்போது வரும் என்று அவர்கள் விசாரிப்பார்கள்.

அப்படி நடக்கிற பெண்களில் ஒருத்தி அமராவதி, ஆண்டியப்பனின் மனைவி. கதை இனிமேல் இவளுக்குப் பின்னால்தான் போகும்.

(கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதுவது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன். "அமராவதி பயறைக் களைந்தார்" என்று எழுதினால், யாரோ ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்த இடத்தில் களைந்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. 'அவள்' என்றே விட்டுவிட்டேன். மனதில் மரியாதை குறைவில்லை.)

ஆண்டியப்பனுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று வானம் கறுத்து

இல்லை. வானத்துக்கும் சர்க்கரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று நல்ல வெயில். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். "மாத்திரைய விடாதீங்க. சோத்தக் கொறைங்க. முளைகட்டின பயறு சேத்துக்கங்க." மாத்திரையை ஆண்டியப்பன் அவ்வப்போது மறந்தார். சோற்றைக் குறைக்கத் தீர்மானம் மட்டும் செய்தார். மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் அது விதை சம்பந்தப்பட்ட விஷயம். அவருடைய துறை.

3

திலகவதி கேட்ட பகுதி இதுதான். கத்தரித்து எடுக்க வசதியாகத் தனியாக வைத்திருக்கிறேன்.

பச்சைப்பயறில் கல், மண் பொறுக்கி, நன்றாகக் கழுவி, பயறு மூழ்கித் தாராளமாகத் தண்ணீர் நிற்கும்படி இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொரு முறை அலசி, சுத்தமான ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலையும் மாலையும் அவிழ்த்து அலசிக் கட்டினால் இன்னும் நல்லது. பச்சைப்பயறு சீக்கிரம் மூக்கு விடும். கொண்டைக்கடலைக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். வழவழப்போ கெட்ட வாடையோ வந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

நன்மைகள். முளைக்கும்போது பயறின் மாவுச்சத்தில் கொஞ்சம் முளைக்கே செலவாகிவிடுகிறது. புரதம் எளிதில் செரிக்கும் நிலைக்கு வருகிறது. காய்ந்த பயறில் பெயருக்குக்கூட இல்லாத வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. நார்ச்சத்து இருப்பதால் மெதுவாகச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும். பச்சையாகத் தின்றால் சிலருக்கு வயிறு உப்பும். முளை வளர்கிற அதே ஈரத்தில் கிருமியும் வளரும் என்பதால் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. மாத்திரைக்குப் பதிலாகப் பயறு என்று யாரும் தாங்களாக முடிவு செய்யக் கூடாது.

[கட்டுரை இங்கே முடிந்தது. உடல்நலத்துக்காக மட்டும் படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஒன்று கவனித்தீர்களா? பயறு முளைக்காமலே போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று இதில் ஒரு வரிகூட இல்லை. இந்த மாதிரிக் கட்டுரைகள் எதிலும் இருக்காது.]

4

ஆண்டியப்பன் கட்டிய முதல் பயறு முளைத்த காலையில், "அமராவதி! இங்கிட்டு வா! ஓடியா!" என்று ஒரு சத்தம். இட்லி வெந்துகொண்டிருந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பாம்பு என்றுதான் நினைத்தாள். அவர் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயறு ஒவ்வொன்றிலும் வெள்ளை மூக்கு.

"பாத்தியா எங்கைய?"

"பயறு மொளச்சதுக்கா இப்புடிக் கத்துனீங்க?"

"பயறுன்னு சொல்லாத. இது மருந்து."

அன்று முதல் காலைப் பலகாரம் மருந்தாகிவிட்டது. அவருக்கு மட்டும் என்றால் அமராவதி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாளுக்கு ஒரு கிண்ணம் போனது. பால் ஊற்ற வந்தவரும் ஒரு கை தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடிந்தது. அமராவதிக்குப் பச்சைப் பயறு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பிக்கொண்டது. அன்னவாசல் வரைக்கும் பஸ்ஸில் போய்வரவே கூச்சப்பட்டாள். ஆவியில் வேகவைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். "வெந்தா சத்து செத்துப்போகும்" என்று, விராலிமலையில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் சுடர்விழி அனுப்பிய வீடியோவை போனில் காட்டினார். வீடியோவில் பேசியவருக்கு அவள் வயிற்றைப் பற்றித் தெரியாது.

இதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு மத்தியானம் நடந்தது.

கண்மாய் மீன் கிடைத்து, ஆசையாகக் குழம்பு வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் குணசேகரன் வந்திருந்தார். ஆண்டியப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, தெருவில் பெரிய காடு வைத்திருப்பவர். ஆண்டியப்பன் குழம்புக் கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசமா இவ ஆக்கிப் போட்ட வெசந்தாம்ப்பா, இன்னக்கிச் சக்கரையா வந்து நிக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குணசேகரன் சிரித்தார். அமராவதியும் சிரித்தாள். பிறகு கொல்லைக்குப் போய், ஏற்கனவே கழுவிய சட்டியை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டு அழுதாள்.

(இந்த இடத்தில் ஆண்டியப்பன் பின்னாலேயே போய் ஏதாவது சமாதானம் சொன்னால் நன்றாக இருக்குமே என்று எழுதிப் பார்த்தேன். கொல்லைப்புறக் கதவு வரைக்கும் அவரைக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே நின்று, "மீனு தீஞ்ச வாடை வருது பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் என்ன செய்வது?)

5

இனி அமராவதி செய்த காரியம்.

ஆண்டியப்பன் கடையில் பயறு வாங்கிவந்தால், "கல்லு பொறுக்கி வையி" என்று அமராவதி கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். முளைகட்டுவது அவர் துறை, கல் பொறுக்குவது அவள் துறை. அடுப்பங்கரைக்குள் அவர் வருவதில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் பயறு வாங்கினால் வண்டு பிடிக்காமல் இருக்க இளஞ்சூட்டில் வறுத்துத்தான் டப்பாவில் போட்டு வைப்பார்கள். அவளும் அப்படித்தான் செய்வாள். அவர் முளைகட்டும் பயறை மட்டும் வறுக்காமல் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

குழம்புக் கிண்ணம் தள்ளப்பட்டதற்கு மறுநாள் மத்தியானம், பொறுக்கி முடித்த பயறைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரும்புச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"வண்டு புடிச்சிரும்ல" என்று சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நிறம் மாறுவதற்கு முன்னாலேயே இறக்கினாள். முறத்தில் பரப்பி, வாசம் போகும் மட்டும் ஆறவிட்டாள். வறுத்த பயறு ஊறும், உப்பும், தோல் லேசாகப் பிளக்கக்கூடச் செய்யும். பார்வைக்கு நல்ல பயறுதான். முளை மட்டும் வராது. உள்ளே இருந்த உயிர் சட்டிச் சூட்டிலேயே போயிருக்கும்.*

* அவரைப் பழிவாங்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. நான்கைந்து நாள் காலையில் இட்லி சாப்பிட வேண்டும், அவரும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

6

முதல் தடவை முளைக்காதபோது ஆண்டியப்பன் துணியைக் குறை சொன்னார். புது வேட்டியில் ஒரு மூலையைக் கிழித்துக் கட்டினார். அடுத்து, போர்த் தண்ணீர் உப்பு என்று சொல்லிக் கேன் தண்ணீரில் ஊறவைத்தார். பிறகு இடம் சரியில்லை என்று சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். பயறு அங்கே தொங்கி, புளித்து, சாமிக்கே பொறுக்காத ஒரு வாடை அடித்தது. சுடர்விழிக்கு போன் போட்டார். "பயறு பழசா இருக்கும்ப்பா, கடைய மாத்துங்க" என்றாள். கடையை மாற்றினார். கொள்ளு வாங்கினார், கொண்டைக்கடலை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் வாங்கிவந்து, "கல்லு பொறுக்கி வையி" என்றார்.

அமராவதி பொறுக்கினாள், வறுத்தாள்.

இதற்கிடையில் இட்லி வீட்டுக்குத் திரும்பியது. அவள் மல்லிச் சட்னி அரைத்தாள், மிளகாய்ப்பொடி இடித்தாள். அவர் பேசாமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, விஷம் என்றும் சொல்லவில்லை. அவள் அதையே வெற்றியாக எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரைகூடத் துவைத்துப் போட்டாள்.

அந்தத் திரையை விலக்கும்போதுதான் ஒருநாள் காலையில் பார்த்தாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து தன் வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமராவதி, எங்கையில ஏதும் தெரியுதா பாரு."

"என்ன தெரியும், அழுக்குத்தான். கழுவிட்டு வாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ராசி போயிருச்சு" என்றார். "முன்னாடி கட்டுனப்ப எப்புடி மொளச்சுச்சு. இப்ப எத்தன தடவ கட்டியாச்சு, எத்தன விதமா கட்டியாச்சு. ஒண்ணுல ஒண்ணு? சக்கர வந்த ஒடம்புல ராசி தங்காது போல."

"பயறு மொளைக்கலைன்னா பயறுதாங்க சரியில்ல."

"எல்லாக் கடைப் பயறுமா?"

அமராவதி அன்று தன் இட்லியைத் தொடவில்லை. இந்தத் தடவை பயறு காரணம் இல்லை.

7

திலகவதி போன் செய்தார். கட்டுரை வந்தது, ஆனால் அதைத் தொடர்ந்து வேறு என்னவோ வந்துகொண்டே இருக்கிறதே என்றார்.

"அந்தம்மா ஏன் சார் வறுக்கணும்? நேரடியா சொல்லலாம்ல, எனக்கு வயிறு உப்புது, நீங்க அன்னக்கிப் பேசுனது மனசு கஷ்டமா இருக்குன்னு?"

"நீங்க ஒங்க வீட்டுல சொல்வீங்களா?"

"பக்கத்தக் கொறைங்க சார்" என்றார்.

அவர் சந்தேகம் எனக்கும் உண்டு. முதல் வரைவில் அமராவதியை வில்லியாக எழுதியிருந்தேன். சட்டியில் பயறு வெடிக்கும்போது அவள் புன்னகைத்தாள் என்றுகூட ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டாவது வரைவில் அவளை அப்பாவியாக்கி, வறுத்தால் முளைக்காது என்பதே அவளுக்குத் தெரியாது என்று எழுதினேன். செம்மண் காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? அவளே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது நீங்கள் படிப்பது அதற்கப்புறம் எழுதியது. இதில் அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்து செய்தாள். ஆனால் எது வரைக்கும் போகும் என்று தெரியாது. அது எனக்கும் அப்போது தெரியாது.

8

ஆடியில் மழை இறங்கியது. இரண்டு நாள் கழித்துக் குணசேகரன் மாலை வெளிச்சம் இருக்கும்போதே வந்தார்.

"அண்ணே, நாளக்கழிச்சு எங்காட்டுல வெதப்பு வச்சிருக்கேன். நீங்க வந்து மொதக் கையப் போட்டுட்டுப் போங்க."

"வேற ஆளப் பாருப்பா."

"வெளாடாதீங்கண்ணே."

"இல்லப்பா. எங்கை முன்ன மாதிரி இல்ல. நான் போட்டு ஒங்காடு மொளைக்கலைன்னா அந்தப் பழி எனக்கு எதுக்கு?"

குணசேகரன் அமராவதியைப் பார்த்தார். "என்ன மதினி, அண்ணன் இப்புடிச் சொல்றாரு?" அவள் சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தெருவில் ஆண்டியப்பனுக்குப் பெரிய நிலம் கிடையாது, பதவி கிடையாது, கோயிலில் முதல் மரியாதை கிடையாது. வருஷத்தில் சில நாள், இந்தக் கைக்காக ஆட்கள் வீடு தேடி வந்து அண்ணே என்று கூப்பிடுவார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்தச் சில நாளை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாள் எல்லாம் அவர் நிமிர்ந்து நடந்தார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்த அவள்தான் அதைச் சட்டியில் போட்டு வறுத்திருந்தாள்.

"நல்லா யோசிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குணசேகரன் போனார்.

9

அமராவதிக்கு ஒரு வழி முன்னாலேயே தோன்றியிருந்தது. (எனக்கும் அதேதான் தோன்றியது. இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரிதான் யோசித்தோம், அதனால்தான் மாட்டிக்கொண்டோம்.) அவர் கட்டுவதை விட்டு நாளாகியிருந்தது. வறுக்காத பச்சைப்பயறை அவளே எடுத்து ஊறவைத்திருந்தாள், மழை பிடித்த அன்றைக்கே. குணசேகரன் வந்துபோன மறுநாள் காலையில் அது முளைத்திருந்தது. கொழுகொழுவென்று, ஒன்று விடாமல்.

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். "பாருங்க, மொளச்சிருக்கு. பயறுதான் சரியில்லாம இருந்துருக்கு. நாஞ் சொன்னேன்ல?"

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டார்: "யாரு கட்டுனா?"

"நீங்க கட்டினதுதான்

அந்த வரியை அடித்துவிட்டேன். தான் கட்டவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அமராவதி உண்மையைத்தான் சொன்னாள்.

"நாந்தான்."

"அப்பச் சரி" என்றார். முகம் மறுபடி பழையபடி ஆனது. "பயறு நல்ல பயறுதான். ஒங்கைக்கு மொளைக்குது."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வயிறு உப்பியது, மீன் குழம்பு, குணசேகரன் முன்னால் விஷம் என்று சொன்னது, இரும்புச்சட்டி, முறம், எல்லாம். "ஒங்க கைக்கு ஒண்ணும் ஆகலைங்க. நாந்தான் வறுத்து வறுத்துக் குடுத்தேன். செத்த பயறு யாரு கையிலங்க மொளைக்கும்?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டாள், அவர் கோபப்படுவார் அல்லது சிரிப்பார், இரண்டில் எது வந்தாலும் காலையில் காட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டேன்.

ஆண்டியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எம்மனசு நோகக்கூடாதுன்னு ஒம்மேலயே பழியப் போட்டுக்கிறியா?"

"இல்லங்க, சத்தியமா—"

"வறுத்தா வாசம் வராதா? இந்த வீட்டுலதான நானும் இருக்கேன்?"

"ஆறவச்சுப் பொடச்சு வச்சேங்க. நீங்க டீக்கடையில இருந்தீங்க."

"போதும் அமராவதி." அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையைத்தான். "நீ நல்லவ. வெசம்னு சொன்னேன்ல அன்னக்கி, அந்தச் சொல்ல மனசுல வச்சுக்காத. எனக்குத்தான் வாய் சரியில்ல. நீ ஆக்கிப் போட்டுத்தான் நான் இன்னக்கி உசுரோட இருக்கேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இப்படிப் பேசியதில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தையும் அவ்வளவு பயத்தையும் சேர்த்து அவள் அனுபவித்ததில்லை. கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, நம்பப்படாத உண்மைக்குப் பரிசாக வந்து நிற்கிறது.

"வேணும்னா இப்பவே நீங்க ஒரு கை கட்டிப் பாருங்க. நான் தொடவே மாட்டேன்" என்றாள்.

"வேண்டாம். இன்னொருக்கக் கட்டி மொளைக்கலைன்னா என்னால தாங்க முடியாது."

(வறுத்தது ஒரு கட்டு, வறுக்காதது ஒரு கட்டு, அருகருகே தொங்கவிட்டு நிரூபிக்கலாமே என்று சுறுசுறுப்பான வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். விதைப்பு மறுநாள் காலையில். பயறுக்கு அவ்வளவு அவசரம் தெரியாது. தவிர, அந்த வீட்டில் இப்போது பயறைப் பற்றிப் பேசினாலே அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.)

10

மறுநாள் காலையில் ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பு, குணசேகரன் காட்டுக்குப் போறோம்" என்றார். அமராவதிக்கு உயிர் வந்தது. ராத்திரியில் யோசித்திருப்பார், நம்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டாள். வழி முழுக்க அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் நடந்தாள். மண் பதமாக நனைந்து, மிதித்தால் ஒட்டாமல் உதிர்ந்தது.

டிராக்டர் சால் கீறி வைத்திருந்தது. வரப்பில் பெண்கள் விதைப்பருப்புப் பாத்திரங்களோடு நின்றார்கள். பிரகதாம்பாளும் இருந்தாள். குணசேகரன் ஓடிவந்தார். "வாங்கண்ணே! எனக்குத் தெரியும், நீங்க வருவீங்கன்னு."

ஆண்டியப்பன் ஈசானி மூலைக்குப் போனார். கூடையிலிருந்து ஒரு கை விதை அள்ளினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் திரும்பி, அமராவதியின் வலது கையைப் பிடித்து, விதையை அதில் வைத்து மூடினார்.

"இனிமே மொதக் கை இவ கைதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்கைக்கு மொளைக்காதது இவ கைக்கு மொளைக்குது. நான் பாத்தாச்சு."

வரப்பில் சலசலப்பு. "ஏன், நாங்களும் வருசம் பூரா இந்தக் கையாலதான போடுறோம், எங்க கைக்கு என்ன கொறச்சல்?" என்றாள் பிரகதாம்பாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "சும்மா இருங்கடி, மொதல்ல போடட்டும்" என்றாள். குணசேகரன், "மதினியா இருந்தா என்ன, போடுங்க மதினி" என்றார்.

அமராவதி கணவரைப் பார்த்தாள். தன் இடத்தைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர்போல் இல்லை. அவளை ஊர் முன்னால் நிறுத்தியதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்த முகத்தை அவள் இவ்வளவு காலமும் பார்த்ததில்லை. இப்போது மறுபடியும் உண்மையைச் சொன்னால் அவருக்குக் கை திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அந்த முகம் போய்விடும். ஊர் முன்னால், பெண்டாட்டியிடம் ஏமாந்தவர் என்று பெயர் வரும்.

11

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் போடுகிறாள். முளைக்கிறது. அடுத்த ஆடியில் வீடு தேடி வருகிறவர்கள் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆண்டியப்பன் வாசலில் நின்று அனுப்பிவைக்கிறார். அவள் துண்டு போட்டுக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. இதை எழுதி முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் எல்லார் முன்னாலும் சொல்கிறாள், வறுத்தேன் என்று. பெண்கள் சிரிக்கிறார்கள். குணசேகரன் சிரிக்கிறார். ஆண்டியப்பனும் சிரிக்கிறார், அன்று மீன் குழம்பின்போது அவள் சிரித்ததுபோல. இதை எழுதி முடிக்கவே இல்லை.

திலகவதியின் முடிவு: இருவர் கையும் சேர்ந்து போடுகின்றன. "அட்டைப்படத்துக்கு நல்லா இருக்கும் சார்." இருக்கும். ஆனால் அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் முன்னால் கையைக் கோத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். எனக்காக நிற்கச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அமராவதி கையில் இருப்பது நல்ல விதை. சொத்தையில்லாத பருப்பு. மண்ணும் பதத்தில் இருக்கிறது. யார் கை போட்டாலும் முளைக்கும். அவளுக்கு அது தெரியும். வரப்பில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அதைத்தான் அவள் அந்த இடத்தில் சொல்ல முடியாமல் நிற்கிறாள். சொன்னால் ஆண்டியப்பன் கையில் ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிடும். அதே நொடியில், அவர் கையில் எப்போதும் எதுவும் இருந்ததில்லை என்றும் ஆகிவிடும்.

"போடு" என்கிறார் ஆண்டியப்பன், சிரித்துக்கொண்டு.

நான் இந்த இடத்தில் எழுந்துகொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் இருங்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சால் காய்வதற்குள் அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.